கோணல் காசு

பெட்ரால்வா, 1958 மார்ச் 9

என் கண்ணான ஒனோரினாவுக்கு,

நீயும் உன் அம்மாவும் அண்ணனும் பார்சலோனாவில் சுகமாக இருக்க வேண்டும் என்று தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இருமல் இருக்கிறது. பனியோடு வந்தது, பனியோடு போய்விடும்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்துக்கு ஆடு மேய்க்காத நாளில்தான் போனேன். பங்குச் சாமியாரிடம் சொன்னால் எழுதித் தருவார். ஆனால் அவர் திருத்தித் திருத்தி வேறு யாரோ எழுதிய மாதிரி ஆக்கிவிடுவார். நீ படிப்பது என் பேச்சாக இருக்கட்டும்.

என் மகன் அர்ஹிமிரோவின் வருஷப் பூசை முடிந்து நீங்கள் ரயில் ஏறியதிலிருந்து உங்கள் வீட்டு ஜன்னல் மூடியே கிடக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போது கண்ணைத் திருப்பிக்கொண்டு நடக்கிறேன். சுரங்கத்துக் கூரை அவன் மேல் விழாமல் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் நீ இப்போது என் மருமகள்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் நேரத்தில் நீ சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டாய். அந்தக் காசைத் திருப்பித் தரத்தான் எடுக்கப் போனாய். அதனால்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டுகிற பதின்மூன்று பொன் காசில், பேச்சு முடிந்த அன்றே ஒன்றைப் பெண்ணிடம் கொடுத்து வைப்பதும், கல்யாணத்தன்று அவள் அதைக் கொண்டுவந்து மற்றப் பன்னிரண்டோடு சேர்ப்பதும் நம் ஊர் வழக்கம். நீ சேர்க்க முடியாமல் போனது உன் குற்றமா? அது உன்னிடமே இருக்கட்டும். இருக்கிறவரைக்கும், இந்த வீட்டுப் பெண் ஒருத்தி வெளியூர் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நன்றாகச் சாப்பிடு. நகரத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

உன்னை மடியில் வைத்திருக்கும் அத்தை,
லெயோகாதியா


பார்சலோனா, ஏப்ரல் 14

அன்பு அத்தைக்கு,

உங்கள் இருமல் போய்விட்டதா? எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. இங்கே எல்லா வீடும் மாடி, எல்லா மாடிக்கும் படி.

எனக்கு ஒரு டாக்டர் வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நல்ல மனிதர்கள். போன வாரம் தரை துடைக்கும்போது கழுத்துக் கயிறு அறுந்து காசு அவர் காலடியில் உருண்டது. குனிந்து எடுத்தவர் உடனே திருப்பித் தரவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"பொண்ணே, இது உனக்கு ஏது?"

"எங்க அத்தை வீட்டுக் காசு ஐயா."

"இது பெரு நாட்டுல, லிமாவுல அடிச்சது. இருநூறு வருஷத்துக்கு மேல இருக்கும். இந்தப் பக்கம் சிலுவை பார்த்தியா? அந்தப் பக்கம் கடல் அலை மேல ரெண்டு தூண். கடலே இல்லாத உங்க ஊருக்கு இது எப்படி வந்துச்சு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை அத்தை. நீங்கள் எழுதினால் அவரிடம் சொல்வேன்.

இந்த வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. நான் ஏறுவதில்லை. கம்பிக் கதவை மூடிக்கொண்டு கீழே இறங்குவதைப் பார்த்தாலே சுரங்கத்துக் கூண்டு ஞாபகம் வந்துவிடுகிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பழுது பார்க்க வந்த கார்த்தஹேனா ஊர்க்காரன் ஒருவன், நான் மூட்டையோடு படி ஏறுவதைப் பார்த்து ஏதோ சொன்னான். சிரித்துவிட்டேன். உங்கள் மகன் போன பிறகு முதல் சிரிப்பு. பிறகு சமையலறைக்குள் போய் அழுதேன்.

உங்கள் கையை முத்தமிடும்,
ஒனோரினா


பெட்ரால்வா, மே 11

என் செல்ல ஒனோரினாவுக்கு,

உன் கடிதம் சுகத்தைக் கொண்டுவந்தது. இருமல் போய்விட்டது. உன் அம்மாவின் முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை வைக்கச் சொல்.

உன் டாக்டர் கேட்டதற்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். என் புருஷனின் முன்னோர் எல்லாரும் கோவேறு கழுதைக்காரர்கள். கலீசியாக் கடற்கரையில் உப்பு மீன் ஏற்றி மாட்ரிட்டில் இறக்குவார்கள். அந்தக் கரைக்கு இந்தியாஸ் என்று சொல்லும் அமெரிக்க நாடுகளிலிருந்து கப்பல் வரும். அதில் ராசாவின் பொன்னும் வரும், மாலுமிகளின் மடியில் ஒளித்த பொன்னும் வரும். இந்தக் கோணல் காசு சாந்தோஸ் என்ற தாத்தாவுக்குக் கூலியாக வந்தது. அப்போதெல்லாம் பொன் கட்டியை வெட்டி, அச்சில் வைத்து, சுத்தியால் ஓங்கி அடிப்பார்களாம். அடி எப்படி விழுந்ததோ அப்படி ஒரு வடிவம். ஓரம் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாததால், கை மாறுகிறவனெல்லாம் ஒரு சீவல் சீவிக்கொள்வான். அதனால் கடைக்காரர்கள் தராசு வைத்துத்தான் வாங்குவார்கள்.

பிறகு ராசா இயந்திரம் வைத்து வட்டக் காசு அடித்தான். ஓரத்தில் பல் வைத்தான், சீவினால் தெரிந்துவிடும். பழசையெல்லாம் கொண்டுவாருங்கள், உருக்கிப் புதுசு தருகிறேன் என்று உத்தரவு போட்டான். சாந்தோஸ் தாத்தா கொடுக்கப் புறப்பட்டபோது அவர் பெண்டாட்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றாளாம். "நீங்க பனியில கால் விரலைத் தொலைச்சுட்டு வந்து குடுத்த காசு இது. ராசா காசு வட்டமா இருந்தா எனக்கென்ன? இது இங்கதான் இருக்கும்" என்றாளாம்.

மற்றப் பன்னிரண்டும் அவர்கள் பிள்ளைகள் காலத்தில் சேர்ந்தவை. மெக்சிகோவில் அடித்தது, பொப்பயானில் அடித்தது, செவில்லாவில் அடித்தது என்று சாமியார் படித்துச் சொன்னார். எல்லாவற்றிலும் பெரிய முடி வைத்த ராசாக்கள். அர்ஹிமிரோ சின்னவனாக இருக்கும்போது கேட்பான்:

"அம்மா, இந்த ராசாவுக்கு ஏன் பொம்பளை முடி?"

"வழுக்கைடா. தொப்பி வாங்க வக்கில்லாம அடுத்தவ முடியை எடுத்து வெச்சுக்கிட்டான்."

அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி அடி வாங்கினான்.

பிரெஞ்சுக்காரர்கள் நம் பக்கத்து நகரமான அஸ்தோர்காவை முற்றுகை போட்டபோது இவற்றை ஒரு நொண்டிக் கழுதையின் சேணத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டார்களாம். நல்ல கழுதைகளை ஓட்டிப்போனவர்கள் நொண்டியை விட்டுவிட்டார்கள். நம் காலத்து உள்நாட்டுச் சண்டையில், நாட்டுக்குப் பொன் கொடு என்று வீடு வீடாக வந்தார்கள். என் மோதிரத்தையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தேன். இவற்றை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பேச்சு முடிந்ததும் பெண்ணிடம் ஏன் கோணலைத்தான் கொடுக்கிறோம் தெரியுமா? வட்டக் காசு தொலைந்தால் அதே போல இன்னொன்று தேடி வைத்துவிடலாம். கோணலுக்கு மாற்று கிடையாது. அதைக் கொண்டுவந்தால் அவளேதான் வந்திருக்கிறாள்.

அந்த லிஃப்ட்காரன் அப்படி என்னதான் சொன்னான்? எழுதவே இல்லையே. நானும் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேனே.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அத்தை


பார்சலோனா, ஜூன் 22

அன்பு அத்தைக்கு,

இங்கு எல்லாரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உப்பு மூட்டை அம்மாவுக்குச் சுகமாக இருக்கிறதாம்.

காசின் கதையை டாக்டரிடம் சொன்னேன். வாசலை மறித்த பாட்டியம்மாவுக்காக ஒரு கோப்பை மது குடித்தார். "உன் அத்தை வந்தா எனக்குச் சொல்லு, நான் எழுந்து நின்னு கும்பிடணும்" என்றார்.

இங்கே வெயில் அதிகம். உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னிக்கொண்டிருக்கிறேன், குளிருக்குள் முடித்துவிடுவேன். வேறு விசேஷம் எதுவும் இல்லை.

உங்கள்,
ஒனோரினா


பெட்ரால்வா, ஜூலை 20

அன்புள்ள ஒனோரினாவுக்கு,

சுகம்தானே? நான் சுகம். கோதுமை அறுப்பு நடக்கிறது, இடுப்பு மட்டும் தனியாக முனகுகிறது. உன் கடிதம் இந்த முறை சின்னதாக இருந்தது. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பால்தசாரா வந்தாள். அவள் மகள் கசில்தாவுக்குச் செப்டம்பரில் கல்யாணம். இந்த ஊரில் யார் கல்யாணம் என்றாலும் நம் வீட்டுக் காசுதான் இரவல் போகும், உனக்குத் தெரியும். மகன் போன பிறகு நான் காசுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"லெயோகாதியா, எங்க பொண்ணுக்குக் காசு வேணும்."

"பன்னிரண்டுதான் இருக்கு."

"பன்னிரண்டை வெச்சு என்ன பண்றது? முட்டையா, டஜன் கணக்குல குடுக்க? அந்தப் பொண்ணுகிட்ட எழுதிக் கேளு."

"கேக்க மாட்டேன்."

"அவ திரும்பி வருவான்னு இருக்கியா? பட்டணத்துக்குப் போனவ எவடீ திரும்பி வந்தா? இருபத்தி மூணு வயசுடீ அவளுக்கு. உன் வீட்டுக் கல்லறையைக் காவல் காக்கவா பெத்தாங்க?"

துடைப்பத்தை எடுத்தேன். அவள் வாசல் தாண்டிப் போய் நின்றுகொண்டு பேச்சை முடித்தாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் பாலாடைக் கட்டி அனுப்பினாள். இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்து பிறகு தின்றேன்.

ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

உன் அத்தை


பார்சலோனா, ஆகஸ்ட் 17

அன்பு அத்தைக்கு,

உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

ரயிலில் கார்டு வேலை பார்க்கும் என் மாமா மகன் எவுலோஹியோவிடம் ஒரு நூல் உருண்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதைப் பிரியுங்கள். நடுவில் காசு இருக்கிறது. என்னால் கசில்தாவின் கல்யாணம் குறைபட வேண்டாம். நீங்கள் கேட்க மனம் வராமல்தான் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குப் புரிந்தது.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என்றும் உங்களை நினைக்கும்,
ஒனோரினா


பெட்ரால்வா, நவம்பர் 3

ஒனோரினாவுக்கு,

உன் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கட்டும். இத்தனை நாள் நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் முதலில் வந்தது, அதை அனுப்ப விருப்பமில்லை.

நான் கேட்டேனா? பால்தசாரா வந்தாள், கத்தினாள், போனாள் என்று செய்தி எழுதினேன். அவளைத் துடைப்பத்தால் துரத்தினேன் என்றும் எழுதினேனே, அது உன் கண்ணில் படவில்லையா? கொடுத்த வீடு கேட்டு வாங்கினால் பெண்ணுக்கு அவமானம். பெண் தானாகத் திருப்பினால் சம்பந்தம் முறிந்தது. இது உனக்குத் தெரியாதா? நூலைப் பிரித்துக்கொண்டே போனேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது, உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டது. மகனை இரண்டாவது தடவை வீட்டுக்குத் தூக்கி வந்த மாதிரி இருந்தது.

கசில்தாவுக்கு நான் கொடுக்கவில்லை. அஸ்தோர்காவில் அவள் சித்தி வீட்டிலிருந்து பித்தளைக்கு முலாம் பூசிய காசு பதின்மூன்று வந்தது. பால்தசாரா என்னோடு பேசுவதில்லை. நானாவது அவளோடு பேசலாம் என்று பார்த்தால் அவள் கோழி மட்டும்தான் என் வீட்டுக்கு வருகிறது.

நேற்றுக் கல்லறைத் திருநாள். அர்ஹிமிரோவின் கல்லைத் தேய்த்துக் கழுவிப் பூ வைத்தேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மே மாதம் உன்னை ஒரு கேள்வி கேட்டேன், லிஃப்ட்காரன் என்ன சொன்னான் என்று. ஜூனில் நீ வெயிலைப் பற்றி எழுதினாய், சால்வையைப் பற்றி எழுதினாய். அதற்கு மட்டும் பதில் இல்லை. நான் எழுத்து தெரியாதவள்தான், ஆனால் எழுதாமல் விட்டதைப் படிக்கத் தெரியும்.

அவன் பெயர் என்ன?

அத்தை


பார்சலோனா, நவம்பர் 23

அன்பு அத்தைக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

அவர் பெயர் ஹினேஸ். அன்று அவர் சொன்னது இதுதான்: "ஏங்க, லிஃப்ட் விழுந்துடும்னு பயமா? அடியில நின்னு திருகுறவன் நான்தான். விழுந்தா என் மேலதான் விழுவீங்க, மெத்துன்னு இருக்கும்." அவர் குண்டு இல்லை, எலும்பும் தோலும்தான். அதனால்தான் சிரிப்பு வந்தது.

நான் வரவழைத்துக்கொண்டது இல்லை அத்தை. வாரம் ஒருமுறை லிஃப்ட் கெட்டுப்போனது. டாக்டரின் மனைவிதான் கண்டுபிடித்தார், ஹினேஸே ஏதோ ஒரு திருகைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார் என்று. ஈஸ்டர் கழித்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறார். கழுத்தில் உங்கள் காசோடு நான் சரி என்று சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. நீங்கள் பால்தசாராவைப் பற்றி எழுதியதும் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு யாரும் இல்லை. அம்மா கார்த்தஹேனாவில் சண்டைக்காலத்துக் குண்டில் போனார். அநாதை விடுதியில் வளர்ந்தவர். நீங்கள் வேண்டாம் என்றால் நான் செய்துகொள்ள மாட்டேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். "அவங்க சொல்றதுதான் சரி" என்றார், பிறகு வெகுநேரம் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
ஒனோரினா


பெட்ரால்வா, 1959 ஜனவரி 25

மகளே ஒனோரினா,

பனி கதவு மட்டத்துக்கு விழுந்தது. தபால்காரன் வரவில்லை. ஆனால் பனி மேல் மட்டும் பழி போட மாட்டேன். வழி திறந்த பிறகும் நான் எழுதவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் கொஞ்சம் ஊரைச் சுற்றிவிட்டு வந்தது.

முதலில் உன் மேல் கோபம். பிறகு அவன் மேல். பிறகு அர்ஹிமிரோ மேலேயே கோபம் வந்தது, ஊரில் கழுதை மேய்க்கத் தெரிந்தவனுக்குச் சுரங்கம் எதற்கு என்று. செத்தவன் மேல் எத்தனை நாள் கோபமாக இருப்பது? அவன் பதிலும் சொல்ல மாட்டான்.

பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். கோணலை மட்டும் உனக்குத் திருப்பி அனுப்பினால், நீ இன்னும் என் மகனுக்குப் பேசிய பெண் என்று கட்டிப்போட்டதாகும். நானே வைத்துக்கொண்டால் நீ எனக்கு யாரோ. இரண்டுக்கும் கை வரவில்லை.

அதனால் பதின்மூன்றும் எவுலோஹியோ கையில் வருகின்றன. இரவல் இல்லை. இந்த வீட்டில் பெண் பிறக்கவில்லை என்று என் மாமியார் சாகிறவரை குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். இருக்கிறாள் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு வீட்டுக் காசு போகாமல் முலாம் பூசிய பித்தளையா போகும்? மாப்பிள்ளை அவற்றை உன் கையில் கொட்டட்டும். கீழே சிந்தாமல் கொட்டச் சொல், ஒன்று உருண்டாலும் ஊர் பேசும். பார்சலோனா பேசாது, ஆனாலும்.

சாம்பல் போட்டுத் தேய்க்காதே. உன் டாக்டர் வைவார். நான் எல்லாக் கல்யாணத்துக்கும் தேய்த்துத் தேய்த்து ராசாக்களின் மூக்கு போய்விட்டது.

நான் வரமாட்டேன். கூப்பிடாதே. அவ்வளவு எனக்குத் தெம்பு இல்லை.

உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும்,
லெயோகாதியா


பார்சலோனா, பிப்ரவரி 8

என் அத்தைக்கு,

காசு வந்தது. அம்மாவும் அண்ணனும் நானும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதோம். முழங்கால் வலியால் அழுகிறேன் என்றார் அம்மா.

கூப்பிடாதே என்று எழுதியிருந்தீர்கள். கூப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றுக் கோவிலில் பெயர் எழுதப் போனபோது சாமியார், "மாப்பிள்ளைகூட கைகோத்துப் பீடம்வரை யார் வர்றாங்க? தாயார் இருக்காங்களா?" என்று கேட்டார். ஹினேஸ் தலையாட்டினார், இல்லை என்று. "அத்தை, சித்தி யாராவது?" அதற்கும் இல்லை. வெளியே வந்ததும் என்னிடம் ஒன்று சொன்னார். அதை நான் எழுத மாட்டேன், நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்துவிட்டேன். கீழே இருப்பது அவர் கை.

உங்கள் மகள்,
ஒனோரினா

மரியாதைக்குரிய அம்மாவுக்கு, ஹினேஸ் எழுதிக்கொள்வது. கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, எழுத ஆள் இருந்ததில்லை. உங்கள் மகனைப் பற்றி ஒனோரினா நிறையச் சொல்வாள். சொல்லும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. இனியும் பேச மாட்டேன். கோவில் நடையில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது. முப்பது வயது ஆள் இப்படிச் சொல்வது வெட்கம்தான். நீங்கள் வந்து என் கையைப் பிடித்து நடந்தால் நன்றாக இருக்கும். வர முடியாவிட்டால் தப்பாக நினைக்க மாட்டேன். உங்கள் ஊரில் இறைச்சியை முதலில் தின்றுவிட்டுச் சூப்பைக் கடைசியில் குடிப்பார்களாமே, அது உண்மையா?


பெட்ரால்வா, பிப்ரவரி 22

மகளே ஒனோரினா,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் கடிதமே சொல்கிறது. நானும் சுகம்.

அந்தப் பையன் எழுத்து என்னுடையதைவிட மோசம். எனக்குப் பெரிய ஆறுதல். சூப் கடைசியில்தான் என்று சொல். பாதி வழியில் திருடன் வந்தால் கழுதைக்காரன் இறைச்சியை விட்டுவிட்டா ஓடுவான்?

கடிதத்தை மடித்துக் கல்லறைக்கு எடுத்துப்போய் அர்ஹிமிரோவுக்குப் படித்துக் காட்டினேன். மறுப்பு ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன். வரும் வழியில் பால்தசாரா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, இத்தனை மாதம் கழித்து வாயைத் திறந்தாள்.

"மூஞ்சி ஏன்டீ இப்படி இருக்கு?"

சொன்னேன்.

"போடீ, போ. துக்கக் கறுப்போட எப்படிக் கல்யாணத்துக்குன்னு யோசிக்கிறியா? மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போறவளுக்கும் தலையில கறுப்பு லேஸ் முக்காடுதானே. உனக்குச் செலவே இல்லை. எங்கிட்ட நல்ல சீப்பு இருக்கு, முக்காடு நிக்கத் தலையில குத்திக்க. உடைச்சே, கொன்னுடுவேன்."

ஆகவே வருகிறேன். ஈஸ்டருக்கு மறுநாள் கலீசியாவிலிருந்து பார்சலோனா வரும் ரயிலில் ஏறுகிறேன், எவுலோஹியோ பார்த்துக்கொள்வான். கோழிகளைப் பால்தசாரா பார்த்துக்கொள்வாள், முட்டையையும் சேர்த்து.

ஒன்று மட்டும் உடனே எழுது. ஹினேஸ் எவ்வளவு உயரம்? அளந்து எழுது, குத்துமதிப்பு வேண்டாம். அன்று நடக்காமல் போன உன் கல்யாணத்துக்கென்று அஸ்தோர்காவில் குதிகால் வைத்த செருப்பு ஒரு ஜோடி செய்யச் சொல்லியிருந்தேன். அர்ஹிமிரோ அவ்வளவு நெட்டை, என் கை அவன் முழங்கைக்கு எட்ட வேண்டுமே. செருப்பு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. பையன் குட்டை என்றால் சொல், செருப்புக்காரனிடம் கொண்டுபோய்க் குதிகாலை அறுத்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும்,
அம்மா